பழைய டிவி காமெடி தொடர் எல்லாம் இப்ப பாத்தா சிரிப்பு வருதா? வாங்க பேசுவோம்

நாஞ்சிலான் (நாகர்கோவில்)

மக்கா, ரொம்ப நாளா மனசுல கெடக்க கேள்வி இது. பழைய காமெடி தொடர் எல்லாம் இப்ப யூட்யூப்லயும் ஓடிடிலயும் திரும்ப சுத்திட்டு இருக்கு. நாம விழுந்து விழுந்து சிரிச்சதுக்கு இப்ப உள்ள பிள்ளைகளுக்கு சிரிப்பு வருதா, வரலன்னா ஏன் வரல, அதத்தான் பேசணும். சும்மா "அந்தக் காலம் மாதிரி வராது"ன்னு போட்டுட்டு போயிராதீங்க, எந்த தொடர், எந்த சீன்னு சொல்லுங்க.

முதல்ல நானே சொல்லுகேன். வீட்டுல காலேஜ் படிக்க மக, பத்தாவது படிக்க மகன், எனக்க அம்மை, எல்லாரையும் உக்கார வச்சு ஐ லவ் லூசி போட்டேன். 1951ல அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல தொடங்கினது, கறுப்பு வெள்ளை. அதுல 1952ல வந்த சாக்லேட் கம்பெனி எபிசோட். லூசியும் சிநேகிதி எத்தலும் ஓடுற பெல்ட்டு முன்னால நிக்காங்க, வர்ற ஒவ்வொரு சாக்லேட்டையும் பேப்பர்ல சுத்தி விடணும், ஒண்ணு சுத்தாம போனாலும் வேலை போயிரும்னு சூப்பர்வைசரம்மா சொல்லிட்டு போறா. பெல்ட்டு முதல்ல பைய வருது, ரெண்டு பேரும் நிம்மதியா சுத்துறாங்க, பிறகு வேகம் கூடுது, கை எட்டல, ஒண்ண வாயில போடுறா, அடுத்தத தொப்பிக்குள்ள, அதுக்கடுத்தத சட்டைக்குள்ள. சூப்பர்வைசர் வந்து பாத்தா பெல்ட்டு காலி, எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் வேகமா விடச் சொல்லுகா! எங்க அம்மைக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கண்ணுல தண்ணி வர சிரிச்சிட்டா. அவ கல்யாணத்துக்கு முன்னால அண்டி ஆபீசுல முந்திரிக் கொட்டை உடைச்சவ, எடை போடுற நேரம் சூப்பர்வைசர் வந்தா எப்படி இருக்கும்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்.

அதே தொடர்ல இன்னொரு எபிசோட், புருஷன் ரிக்கி லூசிய சின்னப்பிள்ளைய போல மடியில குப்புற போட்டு அடிக்கான், ஆட்கள் சிரிக்காங்க. மக "அப்பா இது வேண்டாம், மாத்துங்க"ன்னு சொல்லிட்டா. அம்மையும் சிரிக்கல கேட்டியளா.

ஒரே தொடர், அதே ஆட்கள், ஒரு சீன் எழுபது வருஷம் தாண்டியும் உயிரோட நிக்குது, இன்னொண்ணு செத்துப் போச்சு. வயசு காரணம்னா ரெண்டும் சேந்துல்லா சாகணும்? எனக்கு தோணுறது இதான், கையில அதிகாரம் இல்லாதவன் எப்படியாவது தப்பிக்க பாக்குற காமெடி நிக்கும், அதிகாரம் உள்ளவன் எளியவன அமுக்குறதுல வர்ற சிரிப்பு நிக்காது. நீங்க சொல்லுங்க.

வடசேரி வாத்தியார்

தம்பி, நல்ல இழை. நீ சொன்னதுக்கு முன்னால ஒரு படி இருக்கு, சிரிப்பு நிக்கணும்னா முதல்ல படச்சுருள் நிக்கணும். அந்தக் காலத்துல அமெரிக்காவுல நெறைய நிகழ்ச்சி நியூயார்க்ல இருந்து நேரடி ஒளிபரப்பு, மத்த பக்கத்துக்கு அனுப்ப டிவி திரையவே கேமராவால படம் புடிப்பாங்க, மங்கலா இருக்கும். லூசியா நடிச்ச லூசில் பாலும் ரிக்கியா நடிச்ச அவங்க வீட்டுக்காரர் டெசி ஆர்னாசும் கலிபோர்னியாவ விட்டு வர மாட்டோம்னு நின்னுட்டாங்க. சினிமா எடுக்கிற 35 எம்எம் பிலிம்ல, மூணு கேமரா வச்சு, முன்னால ஆட்கள உக்கார வச்சு எடுப்போம்னு சொன்னாங்க. செலவு கூடுதல்ங்கதால சம்பளத்துல கொறச்சுகிட்டு, எடுத்த எபிசோடுக்க உரிமைய அவங்க டெசிலு கம்பெனிக்கு வாங்கிகிட்டாங்க. அதுக்கு கேமரா வேலை கார்ல் பிராயிண்ட், ஜெர்மனில மௌனப் படக் காலத்துலயே பேர் வாங்கின ஒளிப்பதிவாளர். உங்க அம்மை இன்னைக்கு அந்த முகத்துல பயத்தையும் முழியையும் தெளிவா பாக்காங்கன்னா இதான் காரணம். மறு ஒளிபரப்புங்கதே ஒரு வியாபாரமா வளந்ததுக்கும் இதுக்கும் பெரிய தொடர்பு உண்டு. மாறா பிபிசியில டேப்பு விலை கூடுதல்னு பழசை அழிச்சு மேல வேற பதிஞ்சதுல எத்தனையோ காமெடி எபிசோட் திரும்ப கிடைக்காமலே போச்சு.

இன்னொண்ணு, லூசில கேக்குற சிரிப்பு முன்னால இருந்து பாத்த ஜனங்க சிரிச்சது. பல தொடர்ல அப்படி இல்ல. சார்லி டக்ளஸ்னு சிபிஎஸ் சவுண்ட் இஞ்சினியர், 1950கள்ல சிரிப்ப பதிஞ்சு வச்சு சுவிட்ச தட்டினா சிரிக்க மாதிரி ஒரு பெட்டியே செஞ்சார். வேற எங்கயோ எப்பவோ சிரிச்ச சிரிப்ப இங்க கொண்டு ஒட்டுறது. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு முதல்ல எரிச்சல் வர்றது அந்த சத்தத்துலதான்னு நான் கண்டுட்டேன், கதைல இல்ல.

குளச்சல் நர்ஸக்கா

சார் சொன்ன சிரிப்புச் சத்தம் பத்தி நானும் சொல்லணும். நான் ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) நர்ஸ், வெளிநாட்டுல இருந்தப்போ கூட வேலை பாத்த ஒரு அக்கா மாஷ் பாக்கச் சொன்னாங்க. 1972ல இருந்து 1983 வரைக்கும் ஓடினது, கொரியா சண்டையில ஒரு ராணுவ ஆஸ்பத்திரி, டாக்டர்மாரும் நர்சுமாரும்தான் கதை. எடுத்தவங்களுக்கு சிரிப்புச் சத்தமே வேண்டாம்னு இருந்திருக்கு, சேனல்காரங்க விடல, கடைசில ஆபரேஷன் நடக்கிற சீன்ல மட்டும் சிரிப்பு போடக்கூடாதுன்னு பேசி முடிச்சிருக்காங்க. இங்கிலாந்துல பிபிசி போட்டப்போ சிரிப்ப எடுத்துட்டே போட்டாங்க, ரெண்டையும் மாத்தி மாத்தி பாருங்க, வேற வேற தொடர் மாதிரி இருக்கும்.

ஓ.டி.க்குள்ள நாங்களும் தமாஷ் பேசுவோம், வெளிய உள்ளவங்க கேட்டா இதுங்களுக்கு மனசே இல்லையான்னு நெனப்பாங்க, ஆனா எட்டு மணி நேரம் நின்னு ரத்தத்த பாக்கிறவங்களுக்கு அது இல்லாம கை ஓடாது, அந்த தமாஷ்ல யாரும் வாய் விட்டு சிரிக்கவும் மாட்டாங்க, கண்ணுல மட்டும் தெரியும், மாஸ்க்கு மேல. மாஷ்ல ஹாக்ஐங்கிற டாக்டர் பேசுறது அப்படியே அதுதான். 1975ல ஒரு எபிசோட், ஹென்றி பிளேக்குங்கிற கர்னல ஊருக்கு வழி அனுப்பி வைப்பாங்க, எல்லாரும் ஆபரேஷன்ல நிக்கும்போ ராடார்ங்கிற குமாஸ்தா உள்ள வந்து அவர் போன விமானம் கடலுக்கு மேல சுட்டு விழுந்துட்டு, யாரும் பிழைக்கலன்னு வாசிப்பான். யாரும் வேலைய நிறுத்தல. நிறுத்த முடியாது. ஏதோ ஒரு கருவி கீழ விழுற சத்தம் மட்டும் கேக்கும். ஹாக்ஐயா நடிச்ச ஆல்டாவ தவிர மத்த நடிகர்களுக்கு அந்த கடைசி பக்கத்த ஷூட்டிங் நேரத்துலதான் குடுத்திருக்காங்க. இத பாத்துட்டு எனக்கு பேச்சு வரல. காமெடி தொடர் இதையும் செய்யும்னு இப்ப உள்ள புது தொடர்க்காரங்க எல்லாம் படிக்கணும்.

ராணித்தோட்டம் பொண்ணு

நாஞ்சிலான் அண்ணே சொன்ன அடி சீன் மாதிரி நானும் ஒண்ணு சொல்றேன். தி ஹனிமூனர்ஸ், 1955-56ல வந்த 39 எபிசோட பெரிய கிளாசிக்னு எல்லாரும் கொண்டாடுறாங்க, கதாநாயகன் ரால்ஃப் பஸ் டிரைவர், எங்க அப்பாவும் பஸ் டிரைவர்ங்கதால ஆசையா பாக்க உக்காந்தேன். நியூயார்க்ல ஒரு வீடு, ஒரு மேசை, ஒரு பழைய ஐஸ் பெட்டி, அவ்வளவுதான் செட்டே, அந்த தரித்திரம் அச்சு அசலா இருக்கு. வாரம் 62 டாலர் சம்பளம். டூட்டி முடிச்சு தொப்பிய கழட்டி வச்சுட்டு கத்துறது கூட அப்படியே. ஆனா அடிக்கொருதடவ பொண்டாட்டி ஆலிஸ் முன்னால முஷ்டிய மடக்கிட்டு நிலாவுக்கு அனுப்பிருவேன்னு சொல்லுவான், ஜனங்க ஆர்ப்பாட்டமா சிரிக்காங்க. என்னால சிரிக்க முடியல. எங்க தெருவுல ராத்திரி எந்த வீட்டுல பாத்திரம் உருளுதுன்னு சத்தத்த வச்சே எங்களுக்கு தெரியும், சின்ன வயசுல அத கேட்டு வளந்தவளுக்கு அந்த முஷ்டி காமெடி இல்ல.

வடசேரி வாத்தியார்

மகளே, நீ சொல்றத நான் மறுக்கல. ஆனா அந்த சீன்ல கேமரா யார காட்டுதுன்னு ஒரு தடவ கவனி. ஆலிஸ் இடுப்புல கைய வச்சுட்டு அசையாம நிப்பா, ஒரு அடி கூட பின்னால போக மாட்டா, அவன் கத்தி ஓஞ்ச பிறகு ஒரே வார்த்தையில அவன உக்கார வைப்பா. அவன் கை ஒருக்காலும் அவ மேல விழாது. ஆட்ரி மெடோஸ் அத நடிச்ச விதத்துல ஜெயிக்கிறது எப்பவும் அவதான்.

ராணித்தோட்டம் பொண்ணு

சார், ஆலிஸ் பயப்படல, அது சரி. பயப்படாத ஆலிஸ்மார் எத்தனை பேரு? எழுதினவருக்கு அவன் அடிக்க மாட்டான்னு தெரியும், பாக்கிற நமக்கும் நாலு எபிசோட் கழிச்சு தெரிஞ்சிரும், அதனால சிரிக்கிறோம். முதல் தடவ பாக்கிற இந்தக் காலத்து பிள்ளைக்கு அது தெரியாது, அவளுக்கு தெரியறது மடக்கின கை மட்டும்தான். மத்தபடி நான் தொடரையே தள்ளல. சீக்கிரம் பணக்காரன் ஆகணும்னு அவன் போடுற ஒவ்வொரு திட்டமும் மண்ணாப் போறது இன்னைக்கும் அருமை, எங்க அப்பா சீட்டு போட்டு ஏமாந்த கதை எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

நாஞ்சிலான் (நாகர்கோவில்)

தங்கச்சி சொன்னதுதான் எனக்கும் சரியா படுது சார். ஆலிஸ் நிக்கிற நிலை நல்ல நடிப்பு, அதுக்கு கைதட்டலாம். ஆனா சிரிப்பு வர்றது மிரட்டல் வசனத்துக்கு, அவ பதிலுக்கு இல்ல, அந்த சிரிப்புதான் பழசாயிட்டு.

மார்த்தாண்டம் மைனி

எல்லாரும் அமெரிக்காவுலயே நிக்கியளே, நம்ம பக்கத்துக்கு வாங்க. 1956ல நாம தமிழ்நாட்டோட சேந்தாச்சு, ஆனா எனக்க வீட்டு ஆன்டெனா திருவனந்தபுரத்த பாத்துதான் நின்னுச்சு, இங்க உள்ள ஆட்களுக்கு சொல்ல வேண்டாம். நம்ம மேற்க உள்ள தாலுகால இன்னைக்கும் ராத்திரி பாதி வீட்டுல மலையாளம்தான் ஓடுகு. அதனால சொல்லுகேன், பழைய காமெடில நிக்கக்கூடியது எதுன்னு கேட்டா எனக்க பதில் ஆபீஸ் காமெடி.

மழவில் மனோரமாவுல 2011ல தொடங்கின மறிமாயம் பாத்தியளா? ஒரு தடவ வில்லேஜ் ஆபீஸ், அடுத்த தடவ வேற ஏதோ ஆபீஸ், அதே சத்யசீலன், ஷியாமளா, மண்டோதரி, கோயா, ஆளு அதேதான், சீட்டு மட்டும் மாறும். சர்டிபிகேட்டுக்கு வந்த மனுஷன ஒரு மேசைல இருந்து அடுத்த மேசைக்கு அனுப்புற விதம் இருக்கே, அதுல யாரும் கெட்டவன் மாதிரி பேச மாட்டான், எல்லாரும் ஒழுங்கா மரியாதையா சட்டம் சொல்லுவான், மனுஷன் மட்டும் வெறுங்கையோட இறங்கிப் போவான். எனக்க மாமியாரு பென்ஷன் விஷயமா நடந்து தேஞ்சவங்க, இத பாத்துட்டு சிரிப்பும் கோவமும் ஒண்ணா வரும் அவங்களுக்கு.

இதே சங்கதிய 1980லயே பிபிசில எஸ் மினிஸ்டர் செஞ்சிட்டான். ஒரு எபிசோட்ல புது ஆஸ்பத்திரி, ஐநூறுக்கு மேல ஸ்டாப்பு, நோயாளி ஒருத்தர் கூட இல்ல, டாக்டர் நர்சும் இல்ல. மந்திரி கேக்காரு, இவங்க எல்லாம் என்ன வேலை செய்யாங்கன்னு. எல்லாருக்கும் நெறைய வேலை இருக்குன்னு கணக்கு சொல்லுவாங்க, சுத்தமா நல்லா நடக்குற ஆஸ்பத்திரின்னு பெருமையா காட்டுவாங்க. லண்டன் எங்க, நம்ம தாலுகா ஆபீஸ் எங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம். ஃபைலு இருக்க வரைக்கும் அந்த தொடர் சாகாது.

சாகிறது எதுன்னும் சொல்லுகேன். தமிழ் டிவில குண்டா ஒரு அம்மா நடந்து வந்தா பின்னால யானை சத்தம் போடுவான், கறுப்பா ஒருத்தி வந்தா கரண்ட் போனா ஆளு தெரியாதும்பான், ஆம்பிளைக்கு சேலை கட்டி விட்டு அத சொல்லியே அரை மணி நேரம் ஓட்டுவான். நானும் கறுப்புதான். எனக்க மக அத பாத்துட்டு என்ன திரும்பி பாத்த பார்வை எனக்கு இப்பவும் தெரியும். இது அப்ப சரி, இப்பதான் தப்புன்னு இல்ல, அப்பவும் நாங்க சிரிக்கல, சிரிக்காதத கேக்க ஆளு இல்ல, அவ்வளவுதான்.

தக்கலை கேபிள்காரன்

மைனி சொன்னதுல கடைசி வரி நூத்துக்கு நூறு. நான் கேபிள் தொழில்ல இருக்கேன், லோக்கல் சேனல் ஓட்டினப்போ ராத்திரி சாப்பாட்டு நேரத்துல காமெடி போடலன்னா வீட்டுக்கு ஃபோன் வரும். அப்போ கண்டது, ஜனங்க திரும்பத் திரும்ப கேக்கிறது புருஷன் பொண்டாட்டி வாக்குவாதம்தான், ஆனா ரெண்டு பக்கமும் வாய் இருக்கணும். நாகா எடுத்த ரமணி vs ரமணி இன்னைக்கும் யூட்யூப்ல பாக்காங்கன்னா அதான் காரணம், புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி, யாரும் யாருக்கும் சளைச்ச ஆள் இல்ல. ரெண்டாம் பாகத்துல தேவதர்ஷினிக்க முகத்த பாருங்க, வசனம் புருஷனா வர்ற ராம்ஜி பேசுவார், சிரிப்பு அந்தம்மா முகத்துல வரும்.

கிரேசி மோகன் சாரையும் சொல்லணும். மாது, சீனு, ஜானகின்னு அதே பேரு திரும்பத் திரும்ப வரும், ஒருத்தன் ஒரு சின்ன பொய் சொல்லுவான், அத மறைக்க இன்னொண்ணு, கடைசில எட்டு பேரு ஒரு ஹால்ல யாரு யாருன்னு தெரியாம நிப்பாங்க. யாருக்க நிறமும் உடம்பும் அதுல வராது. 2019ல அவர் போனப்போ எனக்கு சொந்தத்துல ஒருத்தர் போன மாதிரி இருந்துச்சு. சின்ன பாப்பா பெரிய பாப்பா தொடர்ல வந்த எம்.எஸ்.பாஸ்கரோட பட்டாபிக்கு இன்னைக்கும் மவுசு இருக்கு, ஆனா அது தொடருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த மனுஷனுக்கு.

ஒரு வருத்தம். இப்ப பிள்ளைகள் எதையும் முழுசா பாக்கிறதில்ல, முப்பது செகண்ட் ரீல்ஸ்ல வெட்டி போடுறான். பொய்க்கு மேல பொய் அடுக்குற காமெடிய கடைசி முப்பது செகண்ட் மட்டும் பாத்தா என்ன விளங்கும்? அடி வாங்கிறது, உருவத்த சொல்லி கிண்டல் பண்றது, இது ரெண்டும்தான் அந்த முப்பது செகண்ட்ல அடங்கும். நல்லது மறைஞ்சு மோசமானது பரவுது, இது தொடருக்க குத்தம் இல்ல.

குலசேகரம் ரப்பர்க்காடு

கேபிள் அண்ணே, எனக்கு இருபது வயசு, நான் முழுசா பாக்கிற ஆள்தான். எங்க செட்டு பசங்களுக்கு பழசுல வர்ற முதல் பிரச்சினை ஃபோன். பாதி கதை ஒரு ஃபோன் இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா சைன்ஃபெல்ட்ல 1991ல வந்த சைனீஸ் ரெஸ்டாரன்ட் எபிசோட் பாருங்க, முழு எபிசோடும் மூணு பேரு டேபிளுக்காக காத்து நிக்காங்க, அவ்வளவுதான் கதை. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்னு அந்த ஆளு சொல்லிட்டே இருப்பான், பின்னால வந்தவன் எல்லாம் உள்ள போறான், ஜார்ஜுக்கு காசு போடுற ஃபோன் கிடைக்கல, எலெய்னுக்கு பசி தாங்கல. கதையே இல்லன்னு அப்ப சேனல்காரங்களுக்கே பிடிக்கல. ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல பிரியாணி கடை வாசல்ல டோக்கன் வாங்கிட்டு நிக்கிற எனக்கு இதவிட பெரிய கதை வேண்டாம், ஃபோன் கையில இருந்தாலும் பசி பசிதான்.

ஃப்ரெண்ட்ஸ் பாதிக்கு பாதி. 1994ல இருந்து 2004 வரைக்கும் 236 எபிசோட், நியூயார்க் மாதிரி ஊர்ல முக்கியமான ஆறு பேரும் வெள்ளைக்காரங்க. உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மார்த்தா காஃப்மேனே 2022ல அதுக்காக வெக்கப்படுறதா சொல்லி பிராண்டீஸ் யுனிவர்சிட்டிக்கு 40 லட்சம் டாலர் குடுத்தாங்க. மோனிக்காவ குண்டா காட்டுற பழைய நாள் சீன் எல்லாம் மைனி சொன்ன யானை சத்தம்தான், இங்கிலீஷ்ல. ஆனா வேலை இல்லாம வாடகை குடுக்க கஷ்டப்படுற, சிநேகிதங்க கூட இருக்கிற பகுதி இப்பவும் எங்களுக்கு ஒட்டுது.

மைண்ட் யுவர் லாங்குவேஜ் மட்டும் என்னால முடியல. லண்டன்ல இங்கிலீஷ் படிக்க வந்த ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒரே ஒரு குணம், அவ்வளவுதான்.

கல்ஃப் மாப்பிள்ளை (அருமனை)

தம்பி, அங்க நில்லு. 1977ல வந்த அந்த தொடரத்தான் நாங்க வளைகுடால கேம்ப்ல கேசட் போட்டு பாத்தோம். ஒரே ரூம்ல பாகிஸ்தான்காரன், பஞ்சாபி, மலையாளி, பிலிப்பைன்ஸ்காரன், நான். திரைல பாகிஸ்தான்காரன் அலியும் சீக்கியன் ரஞ்சித் சிங்கும் சண்டை போடும்போ ரூம்ல உள்ள ரெண்டு பேரும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டு சிரிப்பாங்க. எங்களுக்கும் இங்கிலீஷ் அப்படித்தான் வந்துச்சு, சூப்பர்வைசர் முன்னால வாய் குழறி நிப்போம், அந்த கிளாஸ்ல உள்ளவங்க வாய் குழறினாலும் வாத்தியார் பிரவுன் யாரையும் விரட்ட மாட்டார். அது எங்களுக்கு பெரிய ஆறுதல்.

குலசேகரம் ரப்பர்க்காடு

மாமா, நீங்க சிரிச்சது நீங்க எல்லாரும் ஒரே ரூம்ல சமமா இருந்ததால. அதே தொடர இங்கிலாந்துல ஸ்கூல்ல படிச்ச நம்ம நாட்டு பிள்ளைகள பாத்து மத்த பசங்க அந்த மாதிரி தலைய ஆட்டி பேசிக் காட்டினா எப்படி இருந்திருக்கும்? அங்க உள்ள மைக்கேல் கிரேடுங்கிற டிவி அதிகாரியே இது மனச புண்படுத்துதுன்னு 1979லயே நிறுத்திட்டார், அதனால இப்ப உள்ள பிள்ளைங்க மட்டும் தொட்டாச்சிணுங்கின்னு சொல்ல முடியாது.

கல்ஃப் மாப்பிள்ளை (அருமனை)

நீ சொல்றது ஞாயம், அந்த பிள்ளைகளுக்கு வலிச்சிருக்கும். ஆனா எனக்க ரூம்ல நடந்ததும் உண்மை, அத விட்டுக் குடுக்க மாட்டேன். யாரு கூட இருந்து பாக்கோம்ங்கதும் கணக்குல வரணும்.

வடசேரி வாத்தியார்

இந்த ரெண்டு பேரும் பேசினத படிச்சப்போ நம்ம ஒழுகினசேரிக்காரர் ஞாபகம் வருது. என்.எஸ்.கிருஷ்ணன். டிவி நம்ம பக்கம் வர்றதுக்கு முன்னாலயே, 1957ல போயிட்டார். கிந்தனார் கதைய காலட்சேபமா சொல்லும்போ ஜாதி பேரு சொல்லி படிக்க விடாதவங்கள பாத்து ஜனங்க சிரிச்சாங்க, படிக்க ஆசைப்பட்ட பையன பாத்து யாரும் சிரிக்கல. மதுரம் அம்மா கூட நடிக்கும்போ அவங்களுக்கும் சமமா வாய் குடுப்பார். தம்பி முதல்ல சொன்ன அண்டி ஆபீஸ் கணக்கு இங்கயும் பொருந்துது பாரு.

மார்த்தாண்டம் மைனி

செரி சார், அதுக்கு மேல நான் ஒண்ணும் சேக்க வேண்டாம். நாஞ்சிலான், லீவுக்கு எனக்க அக்கா பிள்ளைகள் எல்லாம் வருகு, எத போடணும்னு சொல்லு, பெரியவங்களும் உண்டு.

நாஞ்சிலான் (நாகர்கோவில்)

மைனி, பெரியவங்க இருந்தா லூசிக்க சாக்லேட் எபிசோட், மொழி வேண்டாம். பசங்களுக்கு சைனீஸ் ரெஸ்டாரன்ட், சாப்பாட்டுக்கு கொஞ்சம் முன்னால போடுங்க, பசியோட பாத்தாதான் ருசி. நடுவுல ரமணி vs ரமணி ரெண்டாம் பாகம். ஹனிமூனர்ஸ் போடுறதா இருந்தா முதல்ல நீங்க தனியா பாத்துட்டு எபிசோட் தேர்ந்தெடுங்க. மாஷ் பிள்ளைகள் தூங்கின பிறகு, டிவிடி கிடைச்சா அதுல சிரிப்ப நிறுத்தி வைக்க ஒரு செட்டிங் உண்டு, அத முதல்லயே மாத்திருங்க.